கூட்டல் சரியாக இருந்தது

எங்கள் பள்ளி அலுவலகத்தில் இருபது வருடமாக எழுத்தராக இருக்கும் பெண்மணிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்கேல் அக்கா. ஆசிரியர்களுக்கும் அதே பெயர்தான் வாயில் வருகிறது. அவர் மேஜை மேல் எப்போதும் ஓரடி நீள இரும்பு ஸ்கேல் ஒன்று கிடக்கும், எண்களெல்லாம் தேய்ந்துபோய். அது அளப்பதற்கு அல்ல. மதிப்பெண் பதிவேட்டில் எழுதும்போது கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு வழுக்கிவிடக் கூடாது என்று, எழுதுகிற வரிக்குக் கீழே அதை வைத்துக்கொள்வார்.

நான் அதே பள்ளியின் ஆய்வக உதவியாளன். குடுவை கழுவுவது, அலமாரியைப் பூட்டுவது, பிள்ளைகள் அமிலத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் காப்பது என் வேலை. சிடுமூஞ்சி என்று எனக்குப் பெயர். பதினைந்து வருடம் அமில நெடியில் நின்று பாருங்கள், உங்களுக்கும் அதே பெயர் வரும்.

அக்காவின் கதையை மூன்றே மார்க்கில் சொல்லிவிடலாம். பதினெட்டு வயதில் எழுதிய தேர்வில் மூன்று மார்க் குறைந்ததால் கல்லூரிக் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. தட்டச்சு கற்றார், இந்த வேலைக்கு வந்தார், லாரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டார். கணவர் மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. ஒரே மகள், எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். மூன்று மார்க்கில் ஓர் ஆளின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிடும் என்று நம்புகிறவர் கையில் ஆயிரம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தார். ஒரு பக்கத்தை மூன்று தடவை கூட்டுவார். மூன்றாவது தடவை கீழிருந்து மேலாக.

பதிவேட்டில் ஏற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆசிரியர் கொடுத்த தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வாசிக்கிற ஆள் நான். பெயர், அப்புறம் ஐந்து பாடத்தின் மார்க், அடுத்த பெயர். ஆறாம் வகுப்புத் தாளை எடுத்தபோது மட்டும் அக்கா என்னை நிறுத்தினார்.

"பேர் வாசிக்காதீங்க தம்பி. மார்க்க மட்டும் வாசிங்க. நம்ம பொண்ணு இந்த வகுப்புல இருக்கா. எந்த வரி அவளோடதுன்னு தெரியாமலே எழுதிடறேன். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு நீளத் துண்டுக் காகிதத்தை வெட்டிப் பதிவேட்டில் பெயர்கள் இருந்த பத்தியை மூடி, மேலும் கீழும் ஊசி குத்தினார். இவ்வளவு நேர்மை உடம்புக்கு ஆகாது என்று நான் கிண்டல் செய்தேன். நான் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பெயர் இல்லாமல் வாசித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதால், பெயர்ப் பக்கம் கண்ணையே திருப்பாமல் சந்தோஷமாக வாசித்தேன். முப்பத்தெட்டு வரி, ஐந்து பாடம். கீழே மொத்தக் கூட்டல் போட்டார். தாளில் ஆசிரியை போட்டிருந்த கூட்டலோடு கடைசி எண் வரை ஒத்துப்போனது.

அதற்குப் பிறகுதான் காகிதத்தை எடுத்தார். இருபத்திரண்டாம் வரி, அவர் மகள், வகுப்பிலேயே முதல். கணக்கில் தொண்ணூற்றாறு. அக்கா ஸ்கேலைத் தூக்கி மறுபடி அதே வரிக்குக் கீழே வைத்தார். மறுபடி பார்த்தார். அந்த மனுஷி அழுததை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. மூன்று மார்க்கை மகள் வட்டியோடு வாங்கிவிட்டாள் என்றார்.

அதுவரை வகுப்பில் முதலாக வந்துகொண்டிருந்தவள் ஒரு பேருந்து மெக்கானிக்கின் மகள். பதிவேட்டில் அக்கா மகளுக்கு மேல் வரி அவளுடையது, இருபத்தொன்று. அவளுக்கு இந்தத் தடவை சராசரி முப்பத்தெட்டு. அவளுக்கு முந்தைய வரியில் இருந்த பையனை எல்லோரும் கொட்டாவி என்போம். தேர்வுத் தாள் மேலேயே தூங்குகிறவன். அவனுக்கு எழுபத்தொன்று.

யாராவது திகைத்தார்களா என்று கேட்காதீர்கள். ஆளாளுக்கு ஒரு காரணம் கைவசம் இருந்தது. கொட்டாவியின் அப்பா, டாக்டர் கொடுத்த டானிக் வேலை செய்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். மெக்கானிக் மகளைப் பற்றி ஆசிரியர்கள் அறையில், அந்தப் பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி, தலைக்கனம், இப்படி ஆகும் என்று அப்போதே தெரியும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆய்வகத்துக்கு வரும்போதெல்லாம் இது ஏன் நீலமாகிறது, அது ஏன் புகைகிறது என்று என்னைத் துளைத்தெடுப்பவள் அவள். பேச்சு அதிகமானால் படிப்பு குறையத்தானே செய்யும் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். மார்க் முதலில் வந்தது, அதற்கேற்ற பிள்ளையை நாங்கள் பிறகு செய்துகொண்டோம்.

அந்த மெக்கானிக் அலுவலகத்துக்கு வந்தார். நகக்கண்ணில் கிரீஸ், கையில் மகளின் மதிப்பெண் அட்டை. குரலை உயர்த்தவில்லை.

"நல்லா எழுதினேன்னு சொல்றா மேடம். நல்லா பாருங்க, வேற யாரோடதாவது இருக்கும்."

அக்கா பதிவேட்டைத் திறந்தார். இருபத்தொன்றாம் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து அவர் கண்முன்னாலேயே மூன்று தடவை கூட்டினார். கூட்டல் சரியாக இருந்தது. மெக்கானிக் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று வீட்டில் மகளை அடித்தார் என்று பின்னால் தெரிந்தது. மார்க் குறைந்ததற்காக இல்லை. நல்லா எழுதினேன் என்று பொய் சொன்னதற்காக.

ஏழாம் வகுப்பில் எங்கள் பள்ளி பிள்ளைகளை மார்க் பார்த்துப் பிரித்துவிடும். மேலே இருப்பவர்கள் மாடி அறைக்கு, கடைசிப் பத்துப் பேர் என் ஆய்வகத்தை ஒட்டிய அறைக்கு. அக்கா மகள் மாடிக்குப் போனாள். மெக்கானிக் மகள் என் பக்கத்து அறைக்கு வந்தாள். விடைத்தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடங்குக்குப் போய்விட்டன. மார்க் தாளைத் தயாரித்த ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டார். கேட்க யாரும் இல்லை.

ஒன்பது மாதம் ஓடியது. அரையாண்டுத் தேர்வில் மெக்கானிக் மகள் நாற்பத்துமூன்று வாங்கினாள். அந்த மார்க் அவளே எழுதி வாங்கியது. பெயர் சொல்லித்தான் வாசித்தேன்.

அக்கா மகள் எண்பதை ஒட்டி வாங்கினாள், ஆனால் பிள்ளை துரும்பாக இளைத்துப்போனாள். பள்ளி விட்டதும் அம்மா வேலை முடிக்கும்வரை அலுவலகத்தின் மூலை மேஜையில் உட்கார்ந்திருப்பாள். டப்பாவில் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும். தலைமையாசிரியர் அறையிலிருந்து மணி அடித்து அக்காவைக் கூப்பிட்டால் போதும், இவள் பேனாவை வைத்துவிட்டுக் கதவையே பார்ப்பாள். அம்மா திரும்பி வந்த பிறகுதான் மூச்சு விடுவாள். பழைய பதிவேடுகளை யாராவது எடுத்துப் பார்ப்பார்களா, அலமாரி பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் என்றெல்லாம் கேட்பாள். அம்மா வேலை மேல் என்ன அக்கறை பாருங்கள் என்று அக்கா பெருமைப்பட்டார். நானும் ஆமாம் போட்டேன். எங்கள் இரண்டு பேரையும் ஒரே குடுவையில் போட்டுக் குலுக்கினாலும் ஒரு துளி புத்தி தேறாது.

விஷயம் வெளியே வந்தது ஒரு மாற்றுச் சான்றிதழால். ஆறாம் வகுப்பில் பாதி வருடத்தில் வந்து சேர்ந்த பையன் ஒருவன். அவன் அப்பாவுக்கு வேலை மாற்றம், வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் வேண்டும். அவனுடைய ஆறாம் வகுப்பு மார்க்கை எழுத, அக்கா பதிவேட்டோடு ஆசிரியையின் பழைய தாளையும் கோப்பிலிருந்து எடுத்தார். திங்கள்கிழமை காலை, பதினோரு மணி இருக்கும். நான் ஏதோ கையெழுத்துக்காகப் போயிருந்தேன். அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"தம்பி, கதவச் சாத்துங்க."

புதுப்பையனை ஆசிரியை தன் தாளில் அகரவரிசைப்படி பதினான்காவதாகச் சேர்த்திருந்தார். அலுவலகப் பதிவேட்டிலோ, நடுவில் இடம் இல்லாததால், அவன் பெயர் கடைசியில், முப்பத்தெட்டாவதாக இருந்தது. பெயர் சொல்லி வாசித்திருந்தால் பதினான்காவது வரியிலேயே முட்டி நின்றிருப்போம். நாங்கள் எண்களை மட்டும் ஏற்றினோம். பதினான்கிலிருந்து கடைசி வரை வரிசை ஒன்று நழுவி, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறொரு பிள்ளையின் மார்க் போய்விட்டது. இருபத்தைந்து பிள்ளைகள். எண்ணிக்கை அதே, எண்கள் அதே, கூட்டலும் அதே. அக்கா மகளின் தொண்ணூற்றாறு மெக்கானிக் மகளுடையது. மெக்கானிக் மகளின் முப்பத்தெட்டு கொட்டாவியுடையது.

வாசித்தவன் நான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: விடுங்கக்கா, கூட்டல் சரிதானே, யாருக்குத் தெரியப்போகுது, பையன் எப்படியும் வேற ஊருக்குப் போறான். அக்கா என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது, அவரும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்ததால்.

செவ்வாய் போனது, புதன் போனது. சான்றிதழ் எழுதப்படாமல் மேஜையில் கிடந்தது. வேலை போகும் என்ற பயம் அக்காவுக்கு இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் மகள். மாடி அறையிலிருந்து அவளை எல்லோர் முன்னாலும் இறக்குவார்கள். உன் சந்தோஷம் உன்னுடையது இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மூலை மேஜையில் குனிந்து எழுதும் மகளைப் பார்ப்பார், பிறகு அலமாரியைப் பார்ப்பார்.

வியாழக்கிழமை கடைசி அறைப் பிள்ளைகளுக்கு ஆய்வக வகுப்பு. ஆசிரியர் கரைசலைக் கலந்து காட்டி, ஏன் நிறம் மாறியது என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. மெக்கானிக் மகள் இரண்டாவது வரிசையில் நின்றாள். அவள் உதடு அசைந்தது. பதில் அவளுக்குத் தெரியும், போன வருடம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். கை மட்டும் மேஜைக்குக் கீழேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் உதடும் நின்றுவிட்டது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, யாரும் சொல்லாமலே குடுவைகளை எடுத்துக் கழுவினாள். நான் ஏம்மா கேள்வியே கேட்க மாட்டேங்கிற என்றேன். எனக்கு அதெல்லாம் வராது சார் என்றாள், ரொம்ப மரியாதையாக.

ஆய்வகத்தைப் பூட்டாமலே அலுவலகத்துக்குப் போனேன். சொல்லிடுங்கக்கா, நானும் கூட வர்றேன் என்றேன். அக்கா தலையாட்டினார். முதல்ல என் பொண்ணுகிட்டச் சொல்லணும் என்றார்.

பள்ளி விட்டிருந்தது. மகள் மூலை மேஜைக்கு வந்து பையை வைத்தாள். அக்கா பதிவேட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்ததுமே அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரும்மா கண்டுபிடிச்சாங்க?" என்றாள்.

"நான்தான்."

"நீயா? உனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். மகள் கதவைப் பார்த்துக்கொண்டே, குரலை அடக்கிச் சொன்னாள்.

"கணக்குல நாலு கேள்வி நான் எழுதவே இல்லம்மா. தொண்ணூத்தாறு வந்திருந்துச்சு. நீதான் எனக்காக மாத்திட்டேன்னு நினைச்சேன். மாட்டிக்கிட்டா உன்னைப் புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மகளின் மார்க்கைப் பார்க்கக்கூட மாட்டேன் என்று காகிதத்தால் மூடி எழுதியவர். நான் எதுக்குடி மாத்தணும் என்று கேட்டார்.

"என் மார்க் உனக்குப் பத்தலைன்னு," என்றாள் மகள்.

ஒன்பது மாதம் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். அம்மாவுக்கு வந்துவிடும் என்று நினைத்த சிறைக்கு அவள் காவல் இருந்திருக்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா மகளைப் பிடித்து இழுத்து மடியோடு வைத்துக்கொண்டு, இல்லடி, இல்லடி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் இருந்தார். நடந்ததை நான்தான் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள், அப்ப என் மார்க் எவ்வளவு என்றாள். அதைப் பார்க்கும் தைரியம் அக்காவுக்கு அந்த நாலு நாளும் வரவில்லை. இப்போது தாளில் அவள் பெயரைத் தேடி ஸ்கேலை வைத்தார். கணக்கில் ஐம்பத்தொன்பது.

"அவ்வளவுதானே," என்றாள் அவள். "உன்னைப் புடிச்சிட்டுப் போக மாட்டாங்கல்ல?"

அப்புறம் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, ஆறிப்போன மிச்சத்தை ஒன்றும் விடாமல் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியர் அறைக்கு இரண்டு பேரும் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, கூட்டல் சரியாக இருக்கிறதா என்பது. அதற்கப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா எழுதி எடுத்துப் போன கடிதத்தை வாங்கி மேலதிகாரிக்கு அனுப்பினார். விசாரணை வரும், வேலை என்னவாகும் என்று இன்றுவரை தெரியவில்லை. இருபத்தைந்து வீடுகளுக்கும் சொல்லியாக வேண்டும். அக்கா முதலில் மெக்கானிக்கைத்தான் வரச் சொன்னார்.

மாலையில் வேலை உடுப்போடு அப்படியே வந்தார், மகள் பக்கத்தில். வந்ததும் முதல் கேள்வியே, இப்ப என்ன பண்ணிட்டா மேடம் என்பது. அந்தப் பிள்ளை தரையைப் பார்த்தாள். அக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னுடையது என்றார். அன்று உங்கள் முன்னால் மூன்று தடவை கூட்டினேனே, அந்த வரி உங்கள் மகளுடையதே இல்லை என்றார். தாளைத் திருப்பி அவள் பெயருக்குக் கீழே ஸ்கேலை வைத்தார்.

மெக்கானிக் அந்த வரியைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார், பிறகு அதை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

மகள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"நல்லா பாருங்க மிஸ்," என்றாள். "வேற யாரோடதாவது இருக்கும்."

உன்னோடதுதாம்மா என்று அக்கா சொன்னார், நானும் சொன்னேன். அவள் பெரியவர்கள் ஏதோ ஆறுதல் சொல்கிறார்கள் என்பதுபோல் மரியாதையாகத் தலையாட்டினாள். நான் அந்த வருடம் பட்ட பயத்திலேயே பெரிய பயம் அதுதான். தாளைத் திருத்திவிடலாம். இதை எந்த ஸ்கேலை வைத்துத் திருத்துவது?

மூலை மேஜையிலிருந்து அக்கா மகள் எழுந்து வந்தாள்.

"உன்னோடதுதான். கடைசிக் கணக்கு, ரெண்டு குழாய், ஒரு தொட்டி. நான் எழுதல. நீ வெளிய வந்து எப்படிப் போட்டேன்னு எல்லாருக்கும் சொன்ன. ஒரு குழாய் பன்னண்டு மணி நேரம், இன்னொண்ணு இருபத்துநாலு. சேர்ந்து எவ்வளவு நேரம்?"

மெக்கானிக் மகள் முதலில் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் எதுவும் சொல்லவில்லை என்று உறுதியான பிறகு, வாய்க்குள்ளேயே சொன்னாள்: "எட்டு." உடனே, "தப்பா இருக்கும்," என்றாள்.

மெக்கானிக் மேஜையிலிருந்த ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துத் திருப்பிப் போட்டார். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார். பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. மெதுவாக, கிரீஸ் விரலால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கணக்கைப் போட ஆரம்பித்தார். இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

"எட்டுதான்," என்றார். "எட்டுதாம்மா."

அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் பெயருக்குக் கீழே இருந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விரலால் அதைக் கொஞ்சம் கீழே தள்ளி, அடுத்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாள்.